மார்க் இல்லாத இடம்

எங்க மச்சானுக்கு எதையும் நல்லா இருக்குன்னு சொல்ல வாய் வராது. பெருநாளைக்கு அக்கா புதுச் சேலை கட்டிக்கிட்டு முன்னால வந்து நின்னு "நல்லா இருக்கா?"ன்னு கேட்டா, "எதை வச்சு?"ம்பாரு. நிறத்தை வச்சா, விலையை வச்சா, எத்தனை துவைப்புக்குத் தாங்கும்கிறதை வச்சா, நீயே சொல்லு, அதுக்குத் தக்கன மார்க் போடுறேன்னு நிப்பாரு. அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவா. அவ ஏன் அழுறான்னு அவருக்கு விளங்காது. பொல்லாத மனுசன் இல்ல. இதை நான் எத்தனையோ வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், எங்க வீட்டு ஆளுகளே நம்புறதில்ல.

மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால, காயலுக்கும் எங்களுக்கும் நடுவுல சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியோட ஒரே ஒரு சுவர். அந்த லைன் வீட்டுலதான் நாங்க ராவுத்தர்மாரு நாலஞ்சு குடும்பம் இருந்தோம். எங்க அத்தா சின்ன வயசுலேயே மௌத்தாயிட்டாங்க. அத்தாவோட தம்பி, எங்க சின்னத்தாதான் எங்களை வளர்த்தது. சேட்டு கிட்டங்கியில மூட்டை சுமக்கிற செட்டுக்கு அவருதான் மூப்பன். நல்ல ஆகிருதி, சத்தமாச் சிரிப்பாரு, மூட்டையும் அவரும் ஒண்ணா வந்தா வாசல் அடைஞ்சு போகும். அவரு சம்பாத்தியத்துலதான் சின்னம்மா, அக்கா, நான், அப்புறம் மச்சான், எல்லாரும் சோறு தின்னோம்.

மச்சான் பம்பாயில இருந்த ஆளு. அங்க ஒரு இடத்துல பெரிய ஹால் நிறைய கணக்குப் போடுற மெஷின் இருந்துச்சாம், கம்ப்யூட்டர்னு பேரு. கார்டுல ஓட்டை போட்டு அதுக்குள்ள கொடுத்தா, அது கணக்குப் போட்டுக் கொடுக்குமாம். இவரு ஓட்டை போடுற வேலைக்குப் போயி, பிறகு மெஷினுக்கு என்னென்ன செய்யணும்னு எழுதிக் கொடுக்கிற அளவுக்குப் படிச்சுக்கிட்டாரு. அப்பத்தான் அக்காவைக் கட்டுனாரு. கட்டுன கையோட நெஞ்சுல சளி கட்டி, ஆஸ்பத்திரியில கிடையாக் கிடந்து, வேலை போயி, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஓட்டை போட்ட பழைய கார்டோட எங்க வீட்டுல வந்து இறங்குனாரு. அறுபதுகளோட ஆரம்பம் அது. வீட்டோட மாப்பிள்ளைன்னு தெருவுல பேசுனாங்க. சின்னத்தா மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. "அது படிச்ச தலை, கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும்"பாரு.

சும்மா இருந்தாத்தானே. வந்த மாசமே ஆரம்பிச்சுட்டாரு. வெளிநாட்டுல யாரோ எழுதுனதை அங்க படிச்சாராம். ஒரு கணக்குக்கு விடை தெரியலேன்னா உக்காந்து யோசிக்க வேண்டாம், விடையைப் பிறக்க விடலாம்னு. எங்களுக்குச் சொல்லித் தந்தது இப்படித்தான்: "மத்தி மீனு ஆயிரம் குஞ்சு விடுது. எல்லாமா பிழைக்குது? வேகமா ஓடுறது பிழைக்கும். ஒளியத் தெரிஞ்சது பிழைக்கும். இது ரெண்டும் சேர்ந்தா, பிறக்கிறதுல ஒண்ணு ஓடவும் செய்யும், ஒளியவும் செய்யும். இதை யாரு உக்காந்து யோசிச்சா?"

"அல்லா"ன்னா எங்க அக்கா.

"அல்லா இந்த வழியில செஞ்சான்னு வச்சுக்கயேன். நாமளும் செய்வோம்."

"அல்லா செஞ்சான், சரி. நீங்க கார்டுத் துண்டையில்ல மைதா மாவு தடவி ஒட்டுறீங்க" அப்படின்னா அவ. சின்னம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

முதல்ல பலியானது மீன்கறி. ஒரு கார்டைக் கத்தரிச்சு நீள நீளத் துண்டாக்கி, ஒவ்வொண்ணுலயும் குடம்புளி எத்தனை, மிளகாய் எத்தனை, உப்பு எவ்வளவுன்னு கட்டம் கட்டமா எழுதுவாரு. எதை எவ்வளவுன்னு அவரு முடிவு பண்ண மாட்டாரு. புளியங்கொட்டையை உருட்டி, விழுறபடி எழுதுவாரு. அக்கா சின்னச் சின்னச் சட்டியில அத்தனையும் வைக்கணும். எந்தக் கறிக்குச் சோறு அதிகமாப் போகுதோ அதுக்கு அதிக மார்க். மார்க் குறைஞ்ச துண்டு அடுப்புக்குப் போகும். தேறுன ரெண்டு துண்டை எடுத்து ஒரே இடத்துல வெட்டி, இதோட தலையையும் அதோட வாலையும் ஒட்டுவாரு. அதுதான் பிள்ளை. அப்பப்ப ஒரு கட்டத்துல புளியங்கொட்டையை உருட்டி எழுத்தை மாத்தி விடுவாரு. "வம்சத்துக்கு ஒரு கிறுக்கு வேணும் புள்ள, இல்லேன்னா எல்லாம் ஒண்ணு போலப் போயிரும்"னு எங்கிட்டச் சொல்லுவாரு. நானும் வச்ச கண்ணு வாங்காம பார்த்துக்கிட்டிருப்பேன். அந்தப் பேச்சு எனக்குப் பிடிச்சுப் போச்சு, மறைக்கிறதுக்கு என்ன.

அந்த மாசக் கடைசியில வந்த கறியை வாயில வைக்க முடியல. உப்பும் உறைப்பும் நாக்கைப் பிடுங்குது. உறைப்பு தாங்காம எல்லாரும் சோறு மேல சோறா அள்ளிப் போட்டுத் தின்னோம். மார்க் மேல மார்க். சின்னத்தா வேர்த்து விறுவிறுத்து, "மாப்ள, இது கறியில்ல, சேட்டு கடையில அரிசி விக்கிறதுக்குச் செஞ்ச சூழ்ச்சி"ன்னாரு. மச்சான் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. "நான் ருசியைக் கேக்கலியே மாமா. சோறு எவ்வளவு போகுதுன்னுல கேட்டேன். கேட்டதைக் கொடுத்துருச்சு பாருங்க"ன்னாரு. அவரு அப்படிச் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்கு ஒரு நாள்தான். அதை ஒரு தமாஷாவே எடுத்துக்கிட்டாரு. அங்கதான் எனக்கு இன்னைக்கும் ஆத்திரம் வருது.

சின்னத்தா வாய் சும்மா இருக்குமா. எங்க வீட்டு மாப்ள இப்படி ஒரு வித்தை வச்சிருக்காருன்னு சேட்டுகிட்டப் போயி பெருமையடிச்சுட்டாரு. சேட்டுக்கு அப்ப ஒரு இக்கட்டு. மழைக்கு முன்னால சுக்கும் மிளகும் மஞ்சளும் கொப்பரையும் காயல் வழியா வள்ளம் வள்ளமா வந்து இறங்குது, கிட்டங்கி கொள்ளல. வாடகைக்கு வேற கிட்டங்கி எடுக்கவும் மனசில்ல. மச்சானைக் கூப்பிட்டு, "இதே நாலு சுவருக்குள்ள நீ கூடுதல் சரக்கு கொள்ள வை. எடுக்கிறதும் சட்டுன்னு எடுக்கணும். செஞ்சு காட்டு, என் பம்பாய் ஆபீசுக்கு அனுப்புறேன்"னாரு. பம்பாய்ங்கிற வார்த்தை போதும். அந்த மெஷின் இருக்கிற ஊரு. அக்காவைக் கூட்டிக்கிட்டுத் தன் சோத்தைத் தான் திங்கப் போறாரு. அன்னைக்கு அவரு வீட்டுக்கு வந்த நடையே வேற.

"மெஷின் இல்லாம எப்படி மச்சான்?"னு கேட்டேன்.

"நீங்க மூணு பேரு இருக்கீங்களே"ன்னாரு.

அப்படித்தான் நாங்க மெஷின் ஆனோம். கிட்டங்கித் தரையைக் கட்டம் கட்டமாப் பிரிச்சாரு. ஒரு துண்டுக் கார்டுன்னா ஒரு கிட்டங்கி. எந்தக் கட்டத்துல எந்தச் சரக்கு, எத்தனை உயரம்னு அதுல எழுத்து. மூட்டையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறதை அட்டி போடுறதுன்னு சொல்லுவாங்க. ஒரு மூட்டை உள்ள அடங்குனா ஒரு மார்க். முதல்ல வள்ளம் ஏறப்போற சரக்கு வாசலை விட்டுத் தள்ளி இருந்தா மார்க் குறையும். காலிக் கட்டத்துக்கு மார்க் இல்ல. சின்னம்மா மார்க் கூட்டுவாங்க, கணக்குல கெட்டி. நான் வெட்டி ஒட்டுவேன். அக்கா கழிச்சதை அடுப்புல போடுவா. மத்தியானம் சோறு ஆக்கி இறக்குனதும் மூணு பேரும் பாயை விரிச்சு உக்காந்துருவோம். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்ற வரைக்கும் எத்தனை கிட்டங்கி பிறந்து எத்தனை கிட்டங்கி எரிஞ்சுச்சோ, யாருக்குத் தெரியும்.

அந்தக் கிட்டங்கியில ஒரு பழக்கம் இருந்துச்சு. நடு அட்டிக்கும் பின் அட்டிக்கும் இடையில ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு இடம் விட்டிருப்பாங்க. சேட்டோட அப்பா காலத்துக்கும் முன்னால இருந்து அப்படித்தான். புளியங்கொட்டை உருட்டுனதுல தற்செயலா அந்த இடம் காலியா விழுந்த துண்டும் முதல்ல கொஞ்சம் இருந்துச்சு. சின்னம்மா கூட்டிப் பார்த்தா அதுகளுக்கு மார்க் கம்மி. ரெண்டு மூணு தலைமுறையில அந்த வம்சமே இல்லாம அடுப்புக்குப் போயிருச்சு. பிறகு வந்ததெல்லாம் சுவரோட சுவரா நெரிச்சு நின்ன அட்டிங்கதான்.

மச்சான் கேக்காம இல்ல. அதைச் சொல்லித்தான் ஆகணும். சோத்துக்கு உக்காந்தப்ப, "மாமா, அந்த இடத்தை ஏன் விடுறீங்க?"ன்னு கேட்டாரு.

சின்னத்தா யோசிச்சாரு. "எப்பவும் விடுறதுதான் மாப்ள. மத்தியானம் அங்க உக்காந்து கஞ்சி குடிப்போம். நம்ம செட்டு ஔசேப்பு சேட்டன் ஒரு கண்ணு உறங்குவான். வெயில் படாது."

"அது இல்லாட்டி?"

"வெளியில தின்னுட்டுப் போறோம். ஔசேப்பு உறங்காம இருந்தா சேட்டுக்கு லாபம்"னு சிரிச்சாரு. "எங்க கஞ்சிக்காக உன் பம்பாய் நிக்க வேண்டாம்."

கடைசியாத் தேறுன துண்டை மச்சான் கிட்டங்கித் தரையில தாரால எழுதுனாரு. கட்டம், கட்டத்துக்குள்ள எழுத்து. சுமக்கிற ஆளுக்குப் படிக்கத் தெரியலேன்னாலும் கண்டுக்கிற மாதிரி சுக்குக்கு ஒரு அடையாளம், மிளகுக்கு ஒரு அடையாளம். சரக்கு ஏறுனப்ப சேட்டே நம்பல. எந்த வருசமும் கொள்ளாத சரக்கு உள்ள போயி, கதவும் சாத்துச்சு. சின்னத்தா தெருவெல்லாம் "எங்க மாப்ள, எங்க மாப்ள"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. மச்சான் பம்பாய்க்குப் பெட்டி கட்ட அக்காகிட்டச் சொல்லிட்டாரு.

அந்த வருசம் இடவப்பாதி மழை கொட்டித் தீர்த்துச்சு. காயல் தண்ணி கிட்டங்கிப் படியில ஏறி நின்னுச்சு. சுக்கு மூட்டை ஈரம் குடிச்சு அடியில உப்பிருச்சு. ஒரு பகல்ல, வள்ளத்துக்குச் சரக்கு எடுக்க ஆளுக உள்ள போயிருந்தப்ப, நடு அட்டி சாஞ்சுச்சு. வாசல் பக்கம் நின்னவங்க வெளியே ஓடிட்டாங்க. சின்னத்தா பின்னால நின்னாரு. மூட்டையை எல்லாம் இழுத்து வெளிய கொண்டுவந்தப்ப மூச்சு இருந்துச்சு. போட் ஜெட்டிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிருச்சு.

ஔசேப்பு சேட்டன்தான் வீட்டுக்கு வந்து சொன்னது. மழையில நனைஞ்சு, தலைத்துண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு, உள்ள வராம வாசல்லயே நின்னான். "மாறி நிக்கான் இடமில்லாயிருன்னு மோளே"ன்னான். விலகி நிக்க இடமில்லாமப் போச்சாம். பிறகு தமிழ்ல சொன்னான்: "அட்டி சாயிறது முன்னாடியும் உண்டு. சாஞ்சா கால் தானா அந்தக் காலி இடத்துக்குப் போயிரும். போனோம்கிறதே தெரியாது, மறுபடி சரக்கை அடுக்குவோம். இன்னைக்கும் அவரு அங்கதான் திரும்புனாரு. அங்க மிளகு மூட்டை இருந்துச்சு."

மச்சான் எனக்குப் பின்னால நின்னு இதைக் கேட்டாரு.

மையித்தை எடுத்து அடக்கம் பண்ணுன பிறகு, ஆளுக கலைஞ்சு போன பிறகு, கிணத்தடியில என்னைப் பார்த்துச் சொன்னாரு. "புள்ள, அந்த இடத்தை யாரும் யோசிச்சு விடல. எந்தக் காலத்துலயோ விடாதவன் செத்துருக்கான். விட்டவன் மிஞ்சிருக்கான். மிஞ்சுனவனைப் பார்த்து அடுத்தவன் விட்டுருக்கான். எதுக்குன்னு மறந்துருச்சு, இடம் மட்டும் நின்னுருச்சு. நான் பாயில செஞ்சதை அவங்க உசிரை வச்சுச் செஞ்சிருக்காங்க. நான் அதுக்கு மார்க் இல்லேன்னுட்டேன்."

அதோட நிறுத்தியிருந்தா நான் அவரு காலைப் பிடிச்சு அழுதிருப்பேன். நிறுத்தல. மூணாம் நாளு பார்த்தா துண்டுக் கார்டும் கத்தரியும் எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாரு. ஆள் செத்தா மார்க் குறையணும்னு ஒரு கணக்கைச் சேர்க்கிறாராம். எவ்வளவு குறைக்கிறதுன்னு தெரியல. கொஞ்சமாக் குறைச்சா, பழைய அட்டிதான் மறுபடியும் தேறி வருது. இன்னும் குறைச்சாரு. அப்பவும் அதுவே முந்துது. கார்டைக் கையில வச்சுக்கிட்டு அக்காகிட்ட வந்து, "ஒரு ஆளுக்கு எத்தனை மார்க் குறைக்கணும், சொல்லு"ன்னாரு. அக்கா அடுப்படிக்குப் போயிட்டா. எங்கிட்ட வந்தாரு. நான் வாயில வந்ததைச் சொல்லித் திட்டுனேன். மனசாரத்தான் திட்டுனேன்.

சின்னம்மா இத்தாவுல, புருசன் போனா பொம்பளை ஆம்பளை கண்ணுல படாம இருக்கிற நாள்ல, இருந்தாங்க. வீட்டுக்கு உள்ள ஒரு சேலையைத் திரையாக் கட்டி, அந்தப் பக்கம் உக்காந்திருந்தாங்க. நாங்க தடுக்கிறதுக்குள்ள மச்சான் திரைக்கு இந்தப் பக்கம் போயி உக்காந்து, "மாமி, நீங்கதானே மார்க் கூட்டுனது, உங்களுக்குத்தான் தெரியும். மாமாவுக்கு எவ்வளவு போடட்டும்?"னு கேட்டாரு. கேலியோ கொழுப்போ இல்ல. அழுதுக்கிட்டுத்தான் கேட்டாரு. சரியான நம்பர் கிடைச்சா எல்லாம் நேராயிரும்னு நம்பிக்கிட்டுக் கேட்டாரு.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்து சின்னம்மா சொன்னாங்க: "எவ்வளவு போட்டா அவரு வருவாரு மாப்ள? அதைப் போடுங்க."

எழுந்து வந்தாரு. டிரங்குப் பெட்டியைத் திறந்து அத்தனை கார்டையும் அள்ளிக்கிட்டுப் போயி அடுப்புல போட்டாரு. மார்க் போடாம அவரு ஒண்ணைக் கழிச்சது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சேட்டுகிட்டப் போனாரு. நானும் கூடப் போனேன், எங்கயாவது காயல்ல இறங்கிருவாரோன்னு பயம். சேட்டு எந்திரிச்சு நின்னு துக்கம் கேட்டாரு. சின்னம்மாவுக்கு ஏதோ செய்யிறேன்னாரு. கெட்டவரில்ல அவரும். பம்பாய்க்கு எப்பக் கிளம்புறேன்னு கேட்டாரு. மச்சான், "அந்த நடு இடத்தைக் காலியா விடச் சொல்லுங்க, நான் போட்ட கணக்கு தப்பு"ன்னாரு.

"தப்பு எங்க இருக்கு?"ன்னாரு சேட்டு. "இத்தனை சரக்கு கொண்டிருக்கு. மழை கூடிப் போச்சு, சுக்கு நனைஞ்சு போச்சு, அது தெய்வ கோபம். அடுத்த மழைக்கு அடியில பலகை போடச் சொல்றேன்."

"அந்தக் கார்டெல்லாம் எரிச்சுட்டேன்."

"அதனால என்ன, தரையில இருக்கே"ன்னாரு சேட்டு.

அது நிஜந்தான். தாரால எழுதுனது. மச்சான் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் கொண்டு போயி உக்காந்து தேய்ச்சாரு. சரக்கு மேல மண்ணெண்ணெய் வாடை பிடிச்சுரும்னு வாட்ச்மேன் வெளிய தள்ளிட்டான். பஜார்ல மத்தச் சேட்டுமாரும் வந்து பார்த்துட்டுப் போனாங்க. பிறகு ரெண்டு மூணு கிட்டங்கியில அதே மாதிரி தாரு அடிச்சுட்டாங்க. யாரும் மச்சானைக் கேக்கல, கேக்க வேண்டிய அவசியமும் இல்ல. அவரு அடுப்புல போட்டது அங்கெல்லாம் பெருகிக்கிட்டு இருந்துச்சு.

பம்பாய்க்கு அவரு போகல. அக்கா கட்டுன பெட்டியை அவளே அவிழ்த்தா. சின்னத்தா போன வீட்டுல அக்காவும் நானும் சேட்டு கிட்டங்கிக்கே சுக்கு சுரண்டப் போனோம். வேற எங்க போக. எனக்கு அவரு மேல கோபம் தீரல. அவருக்கு ஒரு வாய் சோறு குறைஞ்சா வயிறு பத்துறதும் நிக்கல. ரெண்டும் எனக்குள்ள இருந்துச்சு, இருக்கு.

அடுத்த மழைக்கு முன்னால சரக்கு வந்து இறங்க ஆரம்பிச்சப்ப, அவரு காலையிலேயே கிளம்பிப் போனாரு. நாங்க சுக்கு சுரண்டுற இடத்துல இருந்து பார்த்தோம். நேரா உள்ள போயி, நடு அட்டிக்கும் பின் அட்டிக்கும் இடையில போயி நின்னுக்கிட்டாரு. கையை ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு. சுமக்கிற ஆளுக எல்லாம் புதுசு, பொள்ளாச்சிப் பக்கம் இருந்து வந்தவங்க. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியவரே"ன்னாங்க. அவருக்கு அப்ப நாப்பதுகூட இல்ல. இவரு நகரல. வைய மாட்டாரு, அடிக்க மாட்டாரு, எதுக்குன்னு விளக்கவும் மாட்டாரு. சும்மா நிப்பாரு. கிறுக்கன்னு சிரிச்சுக்கிட்டு அவரைச் சுத்தி மூட்டையை அடுக்குவாங்க. இருமல் வந்தா நின்ன வாக்குலேயே இருமுவாரு. பழைய செட்டுல மிஞ்சுன ஔசேப்பு சேட்டன் மட்டும் மத்தியானம் கொஞ்சம் கஞ்சி கொண்டு போயி வாயில ஊத்திட்டு வருவான்.

சரக்கு இறங்குற நாளெல்லாம், ஒவ்வொரு வருசமும் இப்படித்தான். சாயங்காலம் கதவு சாத்துற நேரம் வாட்ச்மேன் வந்து கையைப் பிடிச்சு வெளிய கொண்டுவந்து விடுவான். அவரும் பேசாம வந்துருவாரு. அவரை வெளிய விட்டுட்டு, அந்த இடத்துல மூட்டையை வச்சு அடைப்பாங்க.